தில்லித் தோட்டத்தில் இரும்பு நாற்காலி

மார்கழி பிறந்துவிட்டால் தில்லி மாநகரில் வெயிலும் ஒரு செல்வமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடியே பழகிய நம்மவர், இங்கு வந்து சேர்ந்த முதற் குளிர்காலத்திலேயே வெயிலைத் தேடி முற்றத்துக்கு வரக் கற்றுக்கொள்கின்றனர். பனி விலகிக் கதிரவன் முகம் காட்டியதும் வீட்டுக்கு வீடு மக்கள் வெளியே வந்துவிடுவர். ஒருபுறம் வேர்க்கடலையும் ஆரஞ்சுப் பழமும் உரிபடும்; ஒருபுறம் கம்பளி நூல் பின்னப்படும்; மற்றொருபுறம் குழந்தைகளின் வீட்டுப்பாடம் நடைபெறும். தை கழிந்து மாசி வரையிலும் தில்லிக் குடும்பத்தின் கூடம் தோட்டத்திலேயே அமைந்துவிடுகிறது எனலாம்.

கூடம் என்றால் இருக்கை வேண்டுமன்றோ? புல்தரை காலையில் பனியால் நனைந்திருக்கும். பிரம்பு நாற்காலி ஆடி மாத மழையில் ஊறி நைந்துவிடும். மரம் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். பிளாஸ்டிக் நாற்காலியோ இரண்டு கோடை கண்டபின் வெளுத்துப் பொடியத் தொடங்கும். ஆகவேதான் தில்லியின் தோட்டங்களில் பூவேலைப்பாடு அமைந்த இரும்பு நாற்காலியும் மேசையும் தொன்றுதொட்டு இடம்பெற்று வருகின்றன. அவற்றைத் தேர்ந்து வாங்குவதற்கும், அழகுற அமைப்பதற்கும், நெடுங்காலம் காப்பதற்கும் உரிய சில செய்திகளை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அதற்கு முன், இரும்பைப் பற்றி அறிந்துகொள்ள உலகிலேயே சிறந்த இடம் ஒன்று இந்நகரிலேயே இருப்பதால், முதலில் அங்கே செல்வோம்.

மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடத்தில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் மெஹ்ரோலியின் பழைய மசூதி முற்றத்தை அடையலாம். வருவோர் அனைவரும் அண்ணாந்து மினாரைப் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தின் நடுவே கருமையும் பழுப்புமாய் ஓர் இரும்புத் தூண் அமைதியாக நிற்கிறது. அதன் மொத்த நீளம் சுமார் 7.2 மீட்டர், எடை 6 டன்னுக்கு மேல். அதிற் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிக் கல்வெட்டு சந்திரன் என்னும் வேந்தனின் புகழைக் கூறுகிறது. அவ்வேந்தன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது அறிஞர் பலரின் முடிபு. அவ்வாறாயின் தூணின் வயது ஏறத்தாழ 1600 ஆண்டுகள். திருமாலின் கொடிக்கம்பமாக வேறோர் இடத்தில் நாட்டப்பெற்று, பிற்காலத்தில் தில்லிக்குக் கொணரப்பட்டது என்றும் ஆய்வாளர் கூறுவர். நம்மைப் போலவே அதுவும் வெளியூரிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட ஒன்று என்று எண்ணும்போது ஓர் உறவு தோன்றத்தான் செய்கிறது.

முற்காலத்தில் வருவோரெல்லாம் தூணுக்கு முதுகு காட்டி நின்று, கைகளைப் பின்னுக்கு வளைத்து அதைக் கட்டிப் பார்ப்பர். கை எட்டினால் நல்வினைப் பயன் என்பது நம்பிக்கை. பல்லாயிரம் கைகள் பட்டுப் பட்டுத் தூணின் அப்பகுதி மெருகேறித் தேயலாயிற்று. அதனால் 1997-ஆம் ஆண்டில் சுற்றிலும் வேலி அமைத்தனர். இன்று கண்ணால் மட்டுமே காணலாம்.

இத்தூண் வார்த்தெடுத்த இரும்பன்று. அடித்துச் சேர்த்த இரும்பு. உலையிலிருந்து கிடைத்த இரும்புக் கட்டிகளைச் செந்தணலிற் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அறைந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். இவ்வகை இரும்பைத் தமிழில் தேனிரும்பு என்பர். வார்ப்பிரும்பில் கரி மிகுதி. ஆதலால் அது கடினமாயினும் அடித்தால் உடையும். தேனிரும்பில் கரி மிகமிகக் குறைவு. ஆதலால் அது வளையும், முறுகும், கொல்லன் விரும்பிய கொடியாகவும் இலையாகவும் உருக்கொள்ளும்.

மழையிலும் வெயிலிலும் நிற்கும் தூண் ஏன் துருவால் அழியவில்லை? கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்தார். பழங்கால உலையில் சுண்ணாம்பு சேர்க்கப்படாமையால் இவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கிவிட்டது. நனைவதும் உலர்வதுமாகக் காலம் செல்லச் செல்ல, அந்தப் பாஸ்பரஸின் துணையால் இரும்பின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி மேற்கொண்டு துரு ஏறாமல் தடுக்கிறது என்று அவர் விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் இதற்குத் துணை. ஆனால் அதே தூணின் மண்ணில் புதைந்த பகுதியில் துரு அரித்திருக்கிறது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் யாதெனில், நனைந்து உடனே உலரும் இரும்பு பிழைக்கும். ஈரத்தில் ஊன்றி நிற்கும் இரும்பு கெடும். தோட்டத்து நாற்காலிக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை.

தூணை வணங்கித் திரும்பும் வழியில் இரும்புத் தொழிலின் மற்றொரு முகத்தையும் காணலாம். தில்லியின் சாலையோரங்கள் பலவற்றில் காடியா லோஹார் எனப்படும் வண்டிக் கொல்லர்கள் பட்டறை வைத்திருக்கின்றனர். 'காடி' என்றால் வண்டி. 1568-இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அதை மீட்கும்வரை கூரையின்கீழ் வாழ்வதில்லை, கட்டிலில் உறங்குவதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை என்று தம் முன்னோர் சூளுரைத்ததாக அவர்கள் கூறுவர். தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டியே வீடாக ஊர்ஊராய்ச் சென்று இரும்பு அடித்தனர். 1955-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு தாமே அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று, சூள் நிறைவேறியது என்று அறிவித்தார். எனினும் அவர்களிற் பலருக்கு இன்றளவும் சாலையோரமே வீடு.

அத்தகைய பட்டறையொன்றில் களைக்கொட்டு வாங்க நாம் நின்றிருந்தோம். கணவர் கிடுக்கியால் செவ்விரும்பைப் பிடிக்க, மனைவி சம்மட்டி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பித்தளை ஆணிகள் பதித்த பழைய வண்டியொன்று, சக்கரம் பாதி மண்ணில் புதைய நின்றது. "மாஜி, இவ்வண்டி இனி ஓடாதா?" என்று அருகிருந்த மூதாட்டியை இந்தியில் வினவினோம். "மாடு போய்விட்டது, பாபுஜி. ஆனாலும் விற்க மனமில்லை. என் மாமனார் வண்டி" என்றார் அவர். அமர ஓர் இடம் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அம்மூதாட்டியின் சொல் நமக்கு உணர்த்திற்று.

இனிக் கடைக்குச் செல்வோம். கீர்த்தி நகரின் மரச்சாமான் சந்தை தில்லி முழுவதும் பெயர்பெற்றது. இரும்புத் தோட்டச் சாமான்களும் அங்குக் கிடைக்கும். 'ராட் அயர்ன்' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மெஹ்ரோலித் தூணின் உறவு என்று கருதிவிடலாகாது. உண்மையான தேனிரும்பை ஆலையில் பெருமளவில் செய்யும் தொழில் இங்கிலாந்திலேயே 1970-களில் முடிவுற்றது. இன்று அப்பெயரில் விற்பவை பெரும்பாலும் மைல்டு ஸ்டீல் என்னும் மென்மையான எஃகுக் கம்பியை வளைத்து, வெல்டிங் செய்து, வண்ணம் பூசியவையே. பெயர் பழையது, பொருள் புதியது. அதனால் குற்றமில்லை. வேலை செம்மையாக இருந்தால் அதுவும் நெடுநாள் உழைக்கும்.

செம்மையை அறிவது எவ்வாறு? முதலாவதாக, நாற்காலியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். திண்ணிய கம்பி கனக்கும். உள்ளீடற்ற குழாய் இலேசாக இருக்கும். குழாய் தவறன்று, ஆனால் அதன் முனைகள் அடைபட்டிருக்க வேண்டும். திறந்த முனை வழியே நீர் புகுந்தால் துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே கால் ஒடியும். இரண்டாவதாக, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இணைப்புகளில் வெல்டிங் முழுவதும் ஓடியிருக்கிறதா, பொட்டு வைத்தாற்போல் ஓரிரு இடத்தில் மட்டும் உள்ளதா என்பது அப்போது தெரியும். மூன்றாவதாக, அமருமிடத்தில் நீர் வடியத் துளையோ இடைவெளியோ இருத்தல் வேண்டும். நான்காவதாக, சமதரையில் வைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடும் நாற்காலியை வாங்கிவிட்டுக் காலடியில் காகிதம் மடித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கமாயினும் சிறப்பன்று.

வாங்கிய பொருளை எங்கே இடுவது? தில்லியில் குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்தே செல்லும். எனவே வீட்டின் தென்புறச் சுவரையொட்டித் தெற்கு நோக்கி இட்ட இருக்கைக்கே வெயில் நெடுநேரம் கிட்டும். சுவர் வடகாற்றையும் தடுக்கும். அருகில் ஒரு முசுக்கொட்டை மரம் இருப்பின் பெரும்பேறு. குளிர்காலத்தில் அது இலையுதிர்த்து வெயிலுக்கு வழிவிடும். கோடையில் தழைத்து நிழல் தரும். நிழலில்லாத இரும்பு, சித்திரை வைகாசியில் தோசைக்கல்லாகக் காயும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறத்தலாகாது.

சிறு தோட்டத்துக்கு இரண்டு நாற்காலியும் ஒரு வட்ட மேசையும் போதும். ஆறு நாற்காலி அடுக்கினால் அது தோட்டமாகாது, கலியாண மண்டபமாகும். நிறம் கருமையாகவோ கரும்பச்சையாகவோ இருப்பின் செடிகளோடு இயைந்து நிற்கும். இரும்பில் கொடியும் சுருளும் மிகுந்திருந்தால் சுற்றிலும் எளிய செடிகளே போதும்; இரும்பு எளிமையாயின் சாமந்தியும் டாலியாவும் பூத்த தொட்டிகளைப் பக்கத்தில் நிரப்பலாம். ஓர் இரும்பு வளைவு அமைத்து இரங்கூன் மல்லியைப் படரவிட்டால் மாலைப்பொழுதில் மணக்கும். துளசி மாடமும் கறிவேப்பிலைச் செடியும் இருக்கும் மூலைக்கு எதிரே இருக்கை அமைவது நம்மவர் கண்ணுக்கு இனிது.

காப்பது எளிது. நாற்காலியின் கால்களை மண்ணிலோ புல்லிலோ ஊன்றவிடாமல் செங்கல் அல்லது கற்பலகையின் மேல் வைக்க வேண்டும். தூண் கற்பித்த பாடம் இதுவே. ஆண்டுக்கொருமுறை, மழை தொடங்குமுன், துரு கண்ட இடங்களைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ஈரமறத் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அது உலர்ந்தபின் எனாமல் வண்ணம் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே வண்ணம் பூசுவது புண்ணை மூடி மறைப்பதற்கு ஒப்பாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டார் அனைவரும் சேர்ந்தால் முடிந்துவிடும் வேலை இது.

இவ்வளவும் கேட்டபின், "சொந்த வீடா என்ன? அரசாங்கக் குடியிருப்பு, இன்றோ நாளையோ மாற்றல் வரும். இதற்கு எதற்குத் தோட்டமும் நாற்காலியும்?" என்று நம் அன்பர் பலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 2016-ஆம் ஆண்டில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு பழைய குடியிருப்புப் பகுதிகளைப் புதிதாகக் கட்ட மத்திய அரசு முடிவு செய்தது. கீழ்த்தள வீட்டாருக்குச் சிறு தோட்டம் வாய்த்திருந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழலாயின. 2018-இல் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க மக்கள் திரண்டு மரங்களைக் கட்டித் தழுவி நின்றதும் நேயர்கள் அறிந்ததே. முப்பதாண்டு நீரூற்றி வளர்த்த முற்றம் ஒரு நாளில் மண்மேடாகும் எனில், நாம் எதை நம்பி நடுவது?

ஆனால், இடம் நமதன்று என்பதற்காக முப்பதாண்டும் நின்றுகொண்டே வாழ முடியுமா? பெட்டியைக் கட்டியபடியே வாழ்நாளைக் கழித்துவிட்ட குடும்பங்களை நாம் அறிவோம். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் தில்லியைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் பேருந்து எண்களைத் தவிர வேறொன்றுமில்லை. மாறாக, குடியேறிய ஆண்டே முற்றத்தில் ஒரு நாற்காலி இட்டவர்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியின் பேச்சையும், வங்காளி நண்பரின் பாட்டையும், எதிர்வீட்டுக் குழந்தையின் முதல் நடையையும் தம் செல்வமாகக் கொண்டு சென்றிருக்கின்றனர். முற்றம் போய் மாடம் மட்டுமே எஞ்சியவர்களும் தளர வேண்டியதில்லை. இரண்டு நாற்காலிக்கு அடுக்குமாடியின் மாடமும் இடம் கொடுக்கும். மடக்கு நாற்காலியாயின் இன்னும் நன்று.

இரும்பு கனமானது, நெடுந்தொலைவு எடுத்துச் செல்லும் செலவு அதன் விலையை எட்டிவிடும். ஆகவே மாற்றல் வரும்போது அதனை விட்டுச் செல்ல நேர்ந்தால் வருந்த வேண்டாம். புதிதாய் வந்திறங்கும் குடும்பத்துக்குக் கொடுத்துச் செல்லலாம். கொடுக்குமுன் ஒருமுறை துருநீக்கி வண்ணம் பூசிக் கொடுப்பது பண்பாடு. ஊரும் மொழியும் புதிதாக, சாமான் மூட்டைகளிடையே திகைத்து நிற்கும் ஒரு தாய், முதல் நாளில் சற்றே அமர அந்நாற்காலி உதவுமாயின், அதைச் செய்த கொல்லனின் உழைப்பும் அதைக் காத்த நம் உழைப்பும் ஒருங்கே பயன்பெற்றனவாகும்.