முதுகு காட்டிய சூரியகாந்தி

சூரியகாந்திப் பூ நாள் முழுவதும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நாம் சிறு பிராயம் முதல் கேள்விப்பட்டு வந்திருக்கிறோம். அது முழு உண்மையன்று என்பதைச் சென்ற பங்குனி மாதத்திலேதான், சற்று அவமானத்துடன், தெரிந்துகொண்டோம்.

விதை கிடைத்தது தென்காசிச் சீமையில். குற்றாலம் போயிருந்த நாம், பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரத்துக்கும் போனோம். அங்கே சூரியகாந்தி பூக்கும் காலத்தில் கேரளத்திலிருந்துகூட ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து பார்த்துப் போகிறார்கள். நாம் போனதோ ஆவணிக் கடைசியில். வயல்களில் பெரும்பாலான பூக்கள் முற்றித் தலை கவிழ்ந்துவிட்டன. நமது முகம் போன போக்கைக் கண்ட விவசாயி ஒருவர் ஒரு பிடி விதையைக் கையில் வைத்து, "வீரிய ஒட்டு ரகம் ஐயா, மறுவிதை ஒண்ணுபோல ஒண்ணு வராது" என்று எச்சரித்து அனுப்பினார்.

தை பிறந்ததும் கொல்லையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினோம். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் நொந்துபோகும். நேரே ஊன்றுவதே நலம். மேற்கே கிணறும் துவைக்கிற கல்லும் இருப்பதால், கிழக்குச் சுவரோரமாக இடம் ஒதுக்கினோம். பின்கட்டுத் தாழ்வாரத்தில் கட்டிலோடு கிடக்கும் நமது தாயாருக்கு நேர் எதிரே அந்தச் சுவர். இடுப்பு எலும்பு முறிந்த நாள் முதல் அவர் கொல்லையில் கால் வைக்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்பதற்காகவே இவ்வளவு பிரயத்தனமும்.

விவசாயி சொன்னது சரியாயிற்று. முளைத்த ஐந்து செடிகளில் மூன்று இடுப்பளவோடு நின்றுவிட்டன. ஒன்றைப் புழு தின்றது. மற்றொன்று மட்டும் நமது தலைக்கு மேலே போய், சுவரையும் தாண்டிற்று. மொட்டாக இருந்தவரையில் அது காலையில் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் திரும்பியது. தாயார் சாயங்காலந்தோறும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு நாள் மலர்ந்தது. கிழக்கே பார்த்தபடி நின்றுவிட்டது. நமக்குக் கிடைத்தது பச்சை முதுகு. அதன் திருமுகத் தரிசனம் முழுவதும் பக்கத்து வீட்டாருக்கு!

பக்கத்து வீட்டாருடன் நமக்கு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. நமது முருங்கைக் கிளையிலிருந்து கம்பளிப்பூச்சி விழுகிறதென்று அவர்கள் கேளாமலே அதை வெட்டினார்கள். நாம் சொல்லத்தகாத இரண்டு வார்த்தைகளைச் சொன்னோம். அவ்வளவுதான். அந்த வீட்டுப் பெரியம்மாளும் நமது தாயாரும் முப்பது வருஷத்துச் சிநேகிதிகள். அதுவும் அத்துடன் நின்றுபோயிற்று.

செடியைக் கயிறு கட்டித் திருப்பிப் பார்த்தோம். தண்டு முனகிற்று, விட்டுவிட்டோம். கலிபோர்னியா சர்வகலாசாலையார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை அதன் பிறகே படித்தோம். இளஞ்செடியில் தண்டின் கிழக்குப் பக்கம் பகலிலும் மேற்குப் பக்கம் இரவிலும் அதிகமாக வளர்வதால்தான் அது திரும்புகிறதாம். வளர்ச்சி நின்றதும் கிழக்கே பார்த்து நிலைத்துவிடுகிறது. காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் அந்தப் பூக்களுக்கு, மேற்கே திருப்பி வைத்த பூக்களைவிட ஐந்து மடங்கு வரையில் அதிகமாகத் தேனீக்கள் வந்தனவாம். தேனீக்களுக்கு நல்லதுதான்!

சங்கப் புலவர்கள் சூரியனோடு திரும்புவதாகப் பாடியது இதை அன்று, காலில் குத்தும் நெருஞ்சியின் பூவை. சூரியகாந்தி வட அமெரிக்காவில் பிறந்தது. ருஷியர்கள் அதைப் பெரிய எண்ணெய்ப் பயிராக்கினார்கள். அங்கிருந்து 1969-இல் ரகங்கள் வந்த பிறகே நமது விவசாயிகள் எண்ணெய்க்காக அதைப் பயிரிடலானார்கள்.

மலர்ந்த மூன்றாம் நாள் காலை, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா! உங்க பூ எங்க வீட்டையே பார்த்துக்கிட்டு நிக்குது. நீங்க பார்த்தீங்களா?"

தாயார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு முதுகுதான் தெரியுது. எப்படி இருக்குன்னு நீதான் சொல்லேன்" என்றார்.

அன்று முதல் தினந்தோறும் காலையில் பெரியம்மாள் சொல்வதும் தாயார் கேட்பதும் வழக்கமாயிற்று. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். சுற்றியுள்ள மஞ்சள் இதழ்களில் விதை பிடிப்பதில்லை. நடுவட்டத்துப் பூக்களே விதையாகின்றன. அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி, வளையம் வளையமாக மலரும். "இன்னிக்கு ரெண்டு வளையம் விரிஞ்சிருக்கு அக்கா", "நடுவிலே ஒரு காலணா அளவுதான் பாக்கி", "ஏழு தேனீ." நாம் புத்தகத்தில் படித்ததைப் பெரியம்மாள் வெறுங்கண்ணால் கண்டுபிடித்துவிட்டார்.

சித்திரையில் கிளிகள் வந்தன. பூவின் முதுகு மஞ்சளாகி விதை முற்றும் வரையில் பொறுமை அவற்றுக்கு இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் முக்காலியில் ஏறி நின்று, பழம்புடவைக் கிழிசலைப் பூவின்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுநுனி நமது பக்கம் விழுந்தது. எடுத்துக் கட்டினோம். முருங்கையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கிளி தின்றது போக ஒரு கிண்ணம் விதை தேறிற்று. பாதியை எடுத்துக்கொண்டு, பெரியம்மாள் தெரு வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு வந்து தாயாரின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டுப் போனார். வருகிற தையில், துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டு மேற்குச் சுவரோரமாகவே ஊன்றுவதென்று தீர்மானித்திருக்கிறோம்; அப்போது பூ வீட்டைப் பார்க்கும். கிழக்குச் சுவரோரமும் ஒன்று இருக்கட்டும் என்கிறார் தாயார்.