உயில் எழுதவும் நாள் பார்ப்பதோ?

வீடு கட்டக் கணக்குப் போடுகிறோம். மகளின் படிப்புக்குக் கணக்குப் போடுகிறோம். பத்தாண்டு கழித்துக் காய்க்கப்போகும் தென்னைக்கு இன்றே குழி வெட்டுகிறோம். ஆனால், "நமக்குப் பிறகு இவை யாருக்கு?" என்பதை ஒரு தாளில் எழுதிவைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், கூடத்தில் அமர்ந்திருக்கும் அத்தனை முகங்களும் கறுத்துவிடும். "விளக்கு வைக்கும் நேரத்தில் இது என்ன பேச்சு!" என்று கடிந்துகொள்ளப் பாட்டி ஒருவர் இல்லாத வீடு ஏது?

இராகுகாலத்தை எள்ளி நகையாடுபவர், தாலியின்றி மணம் செய்துகொண்டவர், தந்தையாரின் நினைவு நாளில் திவசம் கொடாமல் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வழங்குபவர் - இத்தகையோரிடம்கூட இந்த ஓர் அச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். உயில் என்ற சொல்லை உச்சரித்தால் எமனுக்கு ஓலை போய்விடுமாம்! எழுதாதிருந்தவர் எவரேனும் அதன் பயனாய்ச் சாகாதிருந்ததுண்டோ?

நம் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. மறைந்த நண்பரின் மகனை ஆறு வயதிலிருந்து தம் பிள்ளையாகவே வளர்த்தார், முறைப்படி தத்தெடுக்கவில்லை. கடைசி ஈராண்டு அவர் படுக்கையில் கிடந்தபோது தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியவன் அந்தப் பிள்ளைதான். "ஐயா, எழுதிவையுங்கள்" என்று இருமுறை சொன்னோம். "எழுதலாம் தம்பி, தை பிறக்கட்டும்" என்றார். தை பிறந்தது, அவர் இல்லை. முப்பதாண்டுகளாக வாசற்படி மிதிக்காத அண்ணன் மக்கள் மூவர், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வந்தனர். சட்டப்படி அவர்கள் கேட்டதில் குற்றமில்லை. வளர்ப்புப் பிள்ளை தன் துணிப்பெட்டியையும் ஆசிரியரின் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வெளியேறினான். அவன் கண் கலங்கியது வீட்டுக்காக மட்டும் அன்று, "நீ யார்?" என்று அவர்கள் கேட்ட கேள்விக்குக் காட்ட அவனிடம் ஒரு தாளும் இல்லையே என்பதற்காக!

உயில் எழுதாதவருக்கு உயிலே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அவருக்காகச் சட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த ஆணின் சொத்து மனைவிக்கும், மகன் மகள் ஒவ்வொருவருக்கும், தாய்க்கும் சம பங்காகச் செல்லும். தாய்க்கு உண்டு, தந்தைக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. இதை அறிந்தோர் எத்தனை பேர்? ஓயாமல் உழைத்து மகனைப் பொறியாளராக்கிய தந்தை, மகன் மனைவி மக்களோடு வாழ்ந்து திடீரென மறைந்தால், அவன் சொத்தில் ஒரு காசுக்கும் நேர் உரிமை அற்றவர்!

பெண்ணின் நிலை இன்னும் கொடிது. பிள்ளையும் கணவனும் இல்லாத பெண் உயிலின்றி இறந்தால், அவள் தானே உழைத்துச் சேர்த்த பொருள் முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தையர் அவர்களுக்குப் பின்னால்தான் வருவர். ஏட்டுச் சட்டம்தானே என்று எண்ண வேண்டாம். 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று உண்டு. 1955-இல் மணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்தாள் ஒரு பெண். புகுந்த வீட்டார் விரட்டினர். பிறந்த வீட்டார் அணைத்தனர், படிக்கவைத்தனர். அவள் வேலைக்குச் சென்று பொருள் சேர்த்தாள், 1996-இல் மறைந்தாள், உயில் எழுதவில்லை. அந்தப் பொருள் யாருக்கு? விரட்டிய வீட்டாருக்கே - கணவனுடைய சகோதரியின் மக்களுக்கே - என்று தீர்ப்பாயிற்று. இரக்கத்தைக் கொண்டு சட்டத்தை வளைக்க இயலாது என்பது மன்றத்தின் நிலை. மூன்று மாத மணவாழ்வு, நாற்பதாண்டு உழைப்பை விழுங்கிவிட்டது! அந்த அம்மையார் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதியிருந்தால்?

மகளுக்குப் பங்கு என்பது எளிதில் வந்ததன்று. பெண்களுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்த ஆண்டு 1929. கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டுச் சட்டம் மணமாகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்தது, 1989 மார்ச் 25 முதல். மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடின்றி நாடு முழுவதும் அவ்வுரிமை வந்தது 2005 செப்டம்பர் 9-இல். அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற தடையையும் உச்ச நீதிமன்றம் 2020-இல் நீக்கியது. தீர்மானத்திலிருந்து தீர்ப்புவரை தொண்ணூற்றோராண்டுகள்!

இவ்வளவும் பெற்ற பிறகு நடப்பதென்ன? தந்தையாரின் பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் ஒரு தாளை நீட்டுகிறார். "கையெழுத்துப் போடும்மா. உனக்குத்தான் சீர் எல்லாம் செய்தாயிற்றே. நாளைக்குப் பிறந்த வீடு என்று நீ வரவேண்டாமா?" அதுதான் விடுதலைப் பத்திரம். என்ன அழகான பெயர்! தங்கைக்குக் கிடைப்பது தன் பங்கிலிருந்து விடுதலை. பங்கு கேட்டால் அண்ணனை இழப்பாள். கேளாவிட்டால் பங்கை இழப்பாள். தந்தை உயிரோடு இருந்தபோதே, "இந்தப் பகுதி மகளுக்கு" என்று தம் கையால் எழுதியிருந்தால், அந்த ஏழை கேட்க வேண்டியதே இல்லை, கொடுத்தவர் தந்தையாகிவிடுகிறார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகளுக்குச் சட்டம் தந்ததைப் பறிக்கவும் உயில் பயன்படுகிறது. தாமே ஈட்டிய சொத்து முழுவதையும் ஒருவர் மகனுக்கே எழுதிவிடலாம், தடையில்லை. கூட்டுச் சொத்தில் தம் பங்கையும் அவ்வாறே எழுதலாம். "கொள்ளி வைப்பவனுக்குத்தான் சொத்து" என்போர் சிலர். சாதி மாறி மணந்த மகளை, இறந்த பிறகும் தண்டிக்க உயிலையே தடியாக எடுப்போர் சிலர். ஆகவே, அப்பாக்கள் எல்லோரும் உயில் எழுதட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நாம் சொல்லவில்லை. எழுதுவது இவர்கள் கையில் இருக்கும்போது, எழுதாதிருப்பதே சில மகள்களுக்கு நல்லது.

எழுதும் முறை எளிது. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாள் போதும். தெளிந்த அறிவோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவர் சான்றொப்பமிட வேண்டும். பயன் பெறுபவரைச் சாட்சியாக்கி வீண் ஐயத்துக்கு இடந்தர வேண்டாம். பதிவு செய்தல் கட்டாயமன்று, செய்வது நலம். வங்கிக் கணக்கில் நாமினி எழுதியாயிற்றே என்று பலர் இருந்துவிடுகின்றனர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி, அதனாலேயே உடையவராகிவிடார். செட்டில்மென்ட் வேறு: அதை எழுதிய அன்றே சொத்து கைமாறிவிடும். வீட்டை அவ்வாறு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த பெற்றோரை நாம் அறிவோம். உயிலோ, எழுதியவர் இருக்கும்வரை வெறும் தாள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

அந்த மாற்றுதலைத்தான் மக்கள் மறந்துவிடுகின்றனர். நாம் முதலில் எழுதியது 2004-இல். 2011-இல் அவ்வுயிலில் கண்ட வீட்டை விற்று வேறிடம் வாங்கினோம். விற்ற வீட்டை யாருக்கு எழுதியிருந்தால் என்ன? புதிய வீட்டை அந்த வரி தொடாது, திருத்தினோம். 2019-இல், நிறைவேற்றுநராக நாம் குறித்திருந்த நண்பர் மறைந்தார், மீண்டும் திருத்தினோம். பிறப்பு, இறப்பு, மணம், மணமுறிவு, வாங்கல், விற்றல் - இவை ஒவ்வொன்றும் உயிலை வெளியே எடுத்துப் படிக்கவேண்டிய வேளை. கிறித்தவத் தோழர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது: திருமணம் ஆனதும் அதற்கு முன் எழுதிய உயில் தானே செல்லாததாகிவிடும். இசுலாமியர்க்கு வேறு வரம்பு: வாரிசுகளின் இசைவின்றி மூன்றிலொரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது. மதம் கடந்து சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்தோருக்கு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்க.

"உங்கள் உயிலை மூன்று முறை எழுதிவிட்டீர்கள், என் உயில் எங்கே?" என்று ஒருநாள் துணைவியார் கேட்டார். அவருக்கு மணமாகாத தங்கை ஒருவர் உண்டு. கணவனும் மக்களும் இருக்கையில் அந்தத் தங்கைக்குச் சட்டம் தருவது ஒன்றுமில்லை. தம் சம்பளத்தில் வாங்கிய ஆறு சென்ட் மனையைத் தங்கைக்கு எழுதவேண்டும் என்றார். இருவர் உயிலையும் ஒரே நாளில் எழுதி முடித்தோம். நாள் பார்க்கவில்லை, வழக்கறிஞருக்கு ஓய்வு கிடைத்த நாள் அது.

சாட்சிக்கு வந்தவர்கள் படிப்பகத்து இளைஞர்கள் இருவர். உள்ளே எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், நாங்கள் கையொப்பமிடுவதைக் கண்டு நீங்கள் கையொப்பமிட்டால் போதும் என்றோம். மற்றவர் சற்றுத் தயங்கி, "ஐயா, எங்கள் அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பது? சொத்துக்கு அலைகிறேன் என்று எண்ணிவிடுவாரே!" என்றார்.

"உனக்கு என்ன என்று கேளாதே தம்பி. அக்காவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேள்" என்றோம்.