குருதி வந்த வழி

திருவள்ளுவர் 95ஆம் அதிகாரமாகிய மருந்தினை நிறைவு செய்யும் குறளில் மருத்துவத்தின் கூறுகளை நான்காகப் பகுக்கின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அதனை அருகிருந்து அளிப்பவர் என்பன அந்நான்கு. பல்லாண்டுகள் வகுப்பறையில் இதனை விளக்கி வந்த யாம், குருதியைச் சோதித்து அளவு சொல்பவரை இவற்றுள் எதில் அடக்குவது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது எம் அன்னையாரின் காற்புண்.

அன்னையார் நெடுநாளாக நீரிழிவு உடையவர். வன்னியம்பட்டியில் உள்ள எம் இல்லத்திற்கு மாதந்தோறும் ஓர் இளைஞர் காலை ஆறு மணிக்கு வந்து குருதி எடுத்துச் செல்வார். மாலையில் அறிக்கை வரும். 2019ஆம் ஆண்டு இரண்டு மூன்று முறை சர்க்கரை அளவு மிக நன்றாக இருந்தது. மருத்துவர் மகிழ்ந்து மாத்திரையைக் குறைத்தார். யாமும் மகிழ்ந்தோம். ஆனால் காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடியது.

அவ்வேளையில் எம்மிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் காண வந்தார். வேதியியல் முடித்தபின் மருத்துவ ஆய்வகப் பயிற்சியும் பெற்று மதுரையில் பணிபுரிபவர். அறிக்கையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே: “ஐயா, இரத்தம் இங்கிருந்து கிளம்பி ஆய்வகம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது?”

எமக்கு விடை தெரியவில்லை. உசாவியபோது, அவ்விளைஞர் பல ஊர்களைச் சுற்றிவிட்டுப் பதினொன்றரை மணிக்கே ஆய்வகம் சேர்வது தெரிந்தது. குழாயில் இருக்கும் குருதியின் அணுக்கள் உயிருள்ளவை. அவை சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறையும் என்றார் மாணவர். சாம்பல்நிற மூடியிட்ட ஃபுளோரைடு குழாயில் எடுத்திருந்தால் இக்குறைவு பெரிதும் தடுக்கப்பட்டிருக்கும். வந்தவரோ எல்லாச் சோதனைக்கும் ஒரே சிவப்பு மூடிக் குழாயைப் பயன்படுத்தியிருக்கின்றார். மாணவர் ஒருநாள் ஒரே முறையில் எடுத்த குருதியை இரு குழாய்களில் பகிர்ந்து, ஒன்றை உடனேயும் மற்றொன்றை ஐந்தரை மணி கழித்தும் சோதித்துக் காட்டினார். முன்னது 162, பின்னது 115.

இதில் பொய்யர் யாருமிலர் என்பதே எம்மை வருத்தியது. கருவி பழுதற்றது. இளைஞரும் சொன்ன வேலையைச் செய்தவரே. ஆய்வகத்தார் நாள்தோறும் அளவு தெரிந்த ஒரு மாதிரியைச் சோதித்துப் புள்ளியிட்டுக் கட்டுப்பாட்டு வரைபடமும் வைத்திருந்தனர். தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிலுக்காக 1924இல் ஷூவார்ட் வகுத்த அம்முறையை 1950இல் லீவியும் ஜென்னிங்சும் மருத்துவ ஆய்வகத்திற்குக் கொணர்ந்தனர். எனினும் அவ்வரைபடம் கருவியைத்தான் காக்கும். குருதி வந்த வழியைக் காக்காது. வழியைக் காப்பவர் எவரும் அங்கு நியமிக்கப்படவில்லை.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குச் சுவடிகளைப் புரட்டிய எமக்கு இது புதிய செய்தியன்று. பாட வேறுபாடுகள் பல புலவரிடம் பிறந்தவை அல்ல. ஏடு கைமாறிய வழியில் பிறந்தவை. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டமை அதனாலன்றோ? ஏறத்தாழ அதே பணியை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை செய்து வருகின்றது. ஒரே மாதிரியை நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் அளவுகளை ஒப்பிட்டு, தனித்து விலகி நிற்பவருக்கு அதனை அறிவிக்கின்றது.

நம் முன்னோர்க்கும் இந்நோக்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்பார், அங்காடியையும் தொழில்களையும் மேற்பார்க்கும் முஹ்தஸிபுக்காக அரபியில் ஒரு கையேடு இயற்றினார். அளவைகளுக்கும் மருத்துவர்க்கும் இடம் தந்ததோடு குருதி எடுப்போரையும் அதில் அவர் விட்டுவிடவில்லை.

எம் மாணவர் இப்போது ஆய்வக மேலாண்மையை முதுநிலையில் பயில விரும்புகின்றார். அமெரிக்காவில் அதற்கெனவே முதுகலைப் படிப்புகள் உள. இங்கு அவர் விசாரித்த மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் ஆய்வகம் ஓரிரு பாடங்களுடன் முடிந்துவிடுகின்றதாம். சோதிக்கக் கற்பிக்கின்றோம், சோதனைச் சாலையை நடத்தக் கற்பிப்பதில்லை என்பது அவர் குறை. மாதிரியை ஏற்பதா மறுப்பதா, வேதிப்பொருள் இருப்பு, பணியாளர் பயிற்சி, கழிவு, செலவு, தவறு நேர்ந்தால் மருத்துவருக்கு உடனே சொல்லும் துணிவு எனப் பட்டியலிட்டார். இறுதியாகச் சொன்னதையும் பாடத்திட்டத்தில் சேர்க்க இயலுமா என்று வினவினோம். சிரித்தார். ஐ.எஸ்.ஓ. 15189 என்னும் தர நெறி 2003இல் வெளிவந்தது. ஆய்வகத்துறையினரையும் உள்ளடக்கிய துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியது. படித்தவர்க்கு இனி இடமிருக்கும் என நம்புகின்றார். வீட்டாரோ, கையிலுள்ள ஊதியத்தை விட்டு மீண்டும் படிப்பா என்கின்றனர். எம்மிடம் கருத்துக் கேட்டனர். படிக்கட்டும் என்றோம்.

அன்னையாரின் புண் ஆறுவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. ஒரு விரலை இழந்தார். இன்றும் குருதி எடுக்க வருபவரிடம் முதலில் மூடியின் நிறத்தைப் பார்ப்பார். பிறகு, “தம்பி, எத்தனை வீட்டுக்குப் போயிட்டு இது போய்ச் சேரும்?” என்று கேட்டுவிட்டே கையை நீட்டுவார்.