ஆடியில் கொடுக்கும் தீபாவளி ஆர்டர்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களும் தக்காளி, ரோஜா ஏற்றிய வண்டிகளும் ஒன்றையொன்று முந்திப் போகும் சாலை அது. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறிவிடுவான் என்பது இப்பக்கத்துக் குடும்பங்களின் கணக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டில் அந்தக் கணக்கு பதினெட்டு வயதில் நின்றுவிடும். அதுவரை சிறப்புப் பள்ளி, பயிற்சி வகுப்பு என்று போய்வர ஓர் இடம் இருந்திருக்கும். பிறகு நான்கு சுவர்தான். "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்காத பெற்றோர் இல்லை.

நன்கொடை கேட்கும் சுவரொட்டிகளில் எப்போதும் குழந்தை முகம்தான். மீசை முளைத்த முப்பத்தைந்து வயதுக்காரரின் படத்துக்கு அவ்வளவு சுலபமாகக் கை நீளாது. ஆனால் ஆட்டிசத்தோடு வாழ்பவர் குழந்தையாக இருப்பது கொஞ்ச காலம். பெரியவராக இருப்பது ஆயுள் முழுக்க.

1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், ஊர் ஊராகச் சுற்றினார். 2023-இல் 89 வயதில் இறந்தார். குடும்பத்துக்கு வசதி இருந்தது உண்மை. அதைவிட, ஊரே அவரைத் தங்கள் ஆளாக வைத்துக்கொண்டது.

எல்லா ஊரும் அப்படி அமையாது. அதனால்தான் பெற்றோரே சங்கம் கட்டினார்கள். பிரிட்டனில் 1962-இல் பெற்றோர் தொடங்கிய அமைப்பு, 1974-இல் பெரியவர்களுக்கென்றே சாமர்செட் கோர்ட் என்ற இல்லத்தைத் திறந்தது. டெல்லியில் மெரி பரூவா 1991-இல் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசத்தைத் தொடங்கினார். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வரும் பெங்களூரில், எஸ்.ஏ.பி. நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனைக்கு எடுத்துப் பார்த்தது. 2013-இல் அதையே உலகத் திட்டமாக அறிவித்தது. ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்திருக்கிறது. இந்த மண்ணுக்கு இது புதிதல்ல.

கம்பெனிகளிடம் பணமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடியை எட்டிய நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்வதும் அதே சட்டம்தான். அந்தப் பணம் பெரும்பாலும் கட்டடமாகவும் வேனாகவும் வந்து சேர்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் போய்வரும் பகல் நேர மையத்துக்கோ மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டிய பராமரிப்பாளர்கள்தான் உயிர். அவர்கள் மாறிக்கொண்டே இருந்தால், பழகிய முகத்தை நம்பி வாழ்பவர்கள் தவித்துப்போவார்கள். தனிமனிதர் கொடுக்கும் மாதம் 500 ரூபாயும் நிற்காமல் வந்தால், ஒரே நாளில் விழும் பெரிய காசோலையைவிட மையத்துக்குத் தெம்பு.

பணமில்லாதவரும் உதவலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பதினெட்டு தாண்டியவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெற்றோருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் படிவம் நிரப்பித் தந்து, மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்குக் கூடவே போய்வந்தால் அது எத்தனையோ நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று, ஆர்டர். காகித உறை, துணிப்பை, பரிசுப் பெட்டி, சிறு பாகங்களை எண்ணிப் பாக்கெட் போடும் ஜாப் ஒர்க் எல்லாம் இந்த மையங்களில் நடக்கக்கூடியவை. தினமும் ஒரே வேலை என்பது இவர்களில் பலருக்கு அலுப்பல்ல, ஆறுதல். திடீர் அவசரம்தான் ஆகாது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வந்து ஆயிரம் பெட்டி கேட்டால் மையம் கை விரிக்கும். ஆடியிலேயே சொல்லி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டால், நாளைக்கு இருபது பெட்டி என்று ஐப்பசிக்குள் செய்து அடுக்கிவிடுவார்கள்.