கரடியின் பழக் கணக்கு

2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் ஒரு வீட்டுக் கிணற்றில் கரடி விழுந்தது. மீட்பதற்காக மயக்க ஊசி போட்டார்கள். மயங்கிய கரடி தண்ணீரில் மூழ்கிச் செத்தது. பாறசாலைக்கு அருகே எங்கள் ஊர் டீக்கடையில் அன்று ஒரே கேள்வி: மலையை விட்டு இது ஏன் இறங்கிற்று?

எங்கள் எல்லைக் கிராமங்களில் கரடி கிடையாது, ரப்பரும் மரச்சீனியும்தான். ஆனால் நெய்யாற்றின்கரை வழியாக ஓடும் ஆறு புறப்படுகிற அகஸ்தியமலையில் உண்டு. மேற்குச் சரிவில் 1958-ல் அமைந்த நெய்யாறு சரணாலயம். கிழக்கே தமிழ்நாட்டின் களக்காடு-முண்டந்துறை. மாநில எல்லையெல்லாம் நமக்குத்தான்.

மேல்தாடையில் இரண்டு முன்பற்கள் இல்லாத பிராணி இது. அந்தச் சந்து வழியே கரையானை உறிஞ்சித் தின்னும். பழம் பழுத்துவிட்டாலோ புற்றை விட்டு மரத்தடிக்குப் போய்விடும். முண்டந்துறையிலும் முதுமலையிலும் நடந்து, 1990-களில் வெளியான ஆய்வுகள் இதைத் துருவின. வேலை அப்படியொன்றும் சுகமானதல்ல. கரடியின் எச்சத்தைப் பொறுக்கி, அலசி, கொன்றை விதை எத்தனை, இலந்தைக் கொட்டை எத்தனை, எறும்புத் தலை எத்தனை என்று பிரிக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். பழச் சதை கரைந்துவிடும், எறும்பின் ஓடு கரையாது. எச்சத்தில் கண்ட விகிதத்தை அப்படியே தின்ற விகிதமாக எடுத்துக்கொள்ள முடியாது. விழுங்கிய விதைகளைக் கரடி வேறிடத்தில் கொண்டுபோய்ப் போடுவதால் காட்டுக்கு லாபம் என்பது வேறு.

நேபாளத்துச் சித்வனில் கரடிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். வறண்ட மாதங்களில் ஆற்றோரப் புல்வெளியில் கரையான் தோண்டியவை, மழையில் அங்கே மண் ஊறியதும் மேட்டுக்காட்டுக்குப் போயின. பழக்காலத்தில் உணவில் பழத்தின் பங்கு ஏறியது. எங்கே, எப்போது சாப்பாடு என்பதை அனுசரித்தே கரடியின் நடமாட்டம்.

வெள்ளநாட்டுக் கரடி கோழிக்கு வந்தது என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஏப்ரல் எங்கள் பக்கம் சக்கை பழுக்கும் காலம். அந்த வாசனை கரடி மூக்குக்கு எட்டாதா? மலையடிவாரப் பஞ்சாயத்துகள் மழையளவு குறிப்பதுபோல், காட்டில் எந்தப் பழம் எந்த மாதம் காய்த்தது, எது பொய்த்தது என்றும் எழுதி வரலாம். காட்டில் பழம் பொய்த்த வருஷம் கிணற்றுக்கு வலை போடச் சொல்லலாம், சக்கையைப் பழுக்கவிடாமல் காயாகவே இறக்கிவிடலாம். இடிச்சக்கைத் துவரன் என்றால் எங்கள் ஊரில் வேண்டாம் என்பவர் இல்லை.