பூங்கொத்தும் வங்கிக் கணக்கும்

எங்கள் வீட்டுச் சண்டையில் சத்தம் இருக்காது. மௌனம்தான். சென்ற ஆண்டு அது பதினோரு நாள் நீடித்தது. ஸ்கூடாயில் இருக்கும் என் அம்மாவுக்கு, சொன்னதைவிடக் கூடுதலாக மாதாமாதம் பணம் அனுப்பிவந்தேன். அது மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் எங்கள் தேவாலயத்தில் தம்பதியருக்கான திரைப்பட மாலை. போகாவிட்டால் கேள்வி வரும் என்பதால் மட்டுமே சேர்ந்து போனோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் கைப்பை உட்கார்ந்திருந்தது.

படம் 'ஃபயர்புரூஃப்'. 2008ல் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆல்பனி நகரத் தேவாலயம் ஒன்றின் உறுப்பினர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்களாகச் சேர்ந்து, சுமார் 500,000 டாலரில் எடுத்த படம். 33 மில்லியன் டாலருக்குமேல் வசூலித்தது. நடிப்பு பல இடங்களில் நாடகத்தனமாகத்தான் இருந்தது, பிரசங்கமும் உண்டு. நாயகன் கிர்க் கேமரன் தன் மனைவியைத் தவிர வேறு யாரையும் முத்தமிட மாட்டாராம். அதனால் அந்தக் காட்சியில் நாயகிக்குப் பதில் அவர் மனைவியே வந்து நின்றாராம். இதைப் போதகர் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம்.

கதையில் அவன் தீயணைப்புப் படைத் தலைவன். படகு வாங்க 24,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறான். விவாகரத்து வாசலில் நிற்கும்போது அப்பா ஒரு கையெழுத்து நோட்டைத் தருகிறார். நாற்பது நாளுக்கு, நாளுக்கு ஒரு காரியம். முதல் நாள், மனைவியிடம் கடுமையாக எதுவும் பேசக்கூடாது. அடுத்தடுத்த நாள்களில் கடமைக்குச் செய்கிறான். தொலைபேசியில் மலிவான பூங்கொத்து ஒன்றைக் கேட்டு வாங்குகிறான். அந்த இடத்தில் என் மனைவி மெல்லச் சிரித்தாள். அவளுடைய பிறந்தநாளுக்கு நான் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய பூ அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

பிறகு படகுப் பணத்தை, மாமியாரின் மருத்துவக் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் சொல்லாமலே கொடுத்துவிடுகிறான். எனக்கு அங்கேதான் குத்தியது. அவனும் மறைத்தான், நானும் மறைத்தேன். அவன் மறைத்தது பாசமாக வெளிவந்தது. என்னுடையது பொய்யாக.

அதே இயக்குநரின் 'வார் ரூம்' படத்தை (2015) பிறகு வீட்டில் பார்த்தோம். மனைவி ஜெபித்தே கணவனைத் திருத்தும் கதை. எனக்கு அது அவ்வளவு ஒப்பவில்லை. அடிவாங்கும் பெண்ணிடம் "ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள்" என்று சொல்ல யாராவது இதை எடுத்துக்காட்டிவிடுவார்களோ என்ற பயம். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. எங்களைப் போல் பிடிவாதத்தால் பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் படங்கள் உதவும்.

அன்றிரவு லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினோம். பூன் கெங் தாண்டியதும் வங்கிச் செயலியைத் திறந்து கைப்பேசியை அவளிடம் நீட்டினேன். கோவன் வரும்வரை ஒவ்வொரு மாதமாகப் பார்த்தாள்.

"நவம்பர்ல ரெண்டு தடவை போயிருக்கே?"

"வீட்டுக் கூரை ஒழுகுச்சு. அம்மா யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க."

"அத்தை சொல்லலைன்னா நீங்க சொல்லியிருக்கலாமில்ல? என் போனஸும் அப்பத்தானே வந்துச்சு."

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.