முட்டை இன்னிக்கு என்ன ரேட்டு?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பவன் ஒன்று பால்காரனாக இருக்க வேண்டும், அல்லது சைக்கிள் பைத்தியமாக இருக்க வேண்டும். அடியேன் இரண்டாவது ரகம். "வாரத்துல ஒரு நாள்தான் லீவு. அன்னிக்கும் ஆபீஸுக்குப் போற மாதிரி ஓடறீங்களே!" என்று போர்வைக்குள்ளிருந்து என் மனைவி கேட்பாள். ஆபீஸுக்கு இவ்வளவு சீக்கிரம் நான் போனதே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

சேலம் ஐந்து ரோட்டில் ஆறு பேர் சேருவோம். எங்கள் கோஷ்டியில் யாருக்கும் பேர் கிடையாது. தொழில்தான் பேர். ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர் 'ஜவ்வரிசி'. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை பார்ப்பவர் 'கொலுசு'. கோழித் தீவனம் விற்கிறவர் 'முட்டை'. பேங்க் கிளார்க், 'பேங்க்'. ஒரே ஒரு லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டியவர் 'லாரி அண்ணன்'. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் நான், 'கதை'.

சேர்ந்த புதிதில், இவர்கள் கியர், பிரேக், செயின் என்று பேசிக்கொண்டே வருவார்கள், நாமும் நாலு விஷயம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆகியும் சைக்கிளைப் பற்றி நான் கேட்டது ஒரே வாக்கியம்தான். "காத்து அடிச்சாச்சா?" அத்தோடு சரி. அப்புறம் உலக விஷயம்.

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற ஹைவே. முன்பு நம்பர் ஏழு, இப்போது நாற்பத்து நாலு. சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் கச்சேரி ஆரம்பிக்கும். முதல் அயிட்டம் எப்போதும் ஒன்றுதான்.

"முட்டை, இன்னிக்கு என்ன ரேட்டு?"

எங்களில் யாரும் முட்டை வியாபாரி இல்லை. கொலுசு சுத்த சைவம். இருந்தாலும் நாமக்கல் முட்டை விலை ஐந்து பைசா ஏறினால் எங்கள் மூஞ்சியில் ஒரு கவலை வந்துவிடும். ஷேர் மார்க்கெட் இல்லாத குறையை அதுதான் தீர்த்து வைக்கிறது.

மல்லூர் பக்கம் வரும்போது ஜவ்வரிசியின் முறை. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனதால்தான் நம்மூர் மரவள்ளிக் கிழங்குக்கு யோகம் அடித்தது என்பதையும், வியாபாரிகள் விலையை அடித்துப் பேசுவதைச் சமாளிக்க 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்ததையும், நேற்றுத்தான் நடந்தது மாதிரி சொல்வார். இருபது தடவை கேட்டிருக்கிறோம். இருபத்தோராவது தடவையும் "அப்படீங்களா!" என்போம். இதற்குப் பேர்தான் நாகரிகம்.

இடது கைப் பக்கம் போதமலை வெளுக்கும்போது ஆண்டகளூர் கேட். டீ. ராசிபுரத்துக்குத் திரும்புகிற இடம். ஆர்.கே.நாராயணின் 'ஆர்', ராசிபுரம்தான் என்பதை பேங்க் ஞாபகப்படுத்துவார். அவர் படிக்கிறவர்.

ஒரு நாள் அவரே ஒரு சங்கதி சொன்னார். பிரான்ஸில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்ற ஊருக்குப் போய்த் திரும்புகிற 1,200 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று உண்டாம். 1891-ல் ஆரம்பித்தது. இப்போதெல்லாம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. அதிகபட்சம் தொண்ணூறு மணி நேரம். அதன் ஞாபகமாக சைக்கிள் சக்கரம் மாதிரியே ஒரு கேக்கும் செய்கிறார்களாம்.

"இதென்ன அதிசயம்?" என்றார் கொலுசு. "நம்ம அட்டையாம்பட்டி முறுக்கைப் பாருங்க. சக்கரம் மட்டுமில்லே, உள்ளே ஸ்போக்ஸும் இருக்கு!"

அன்று திரும்பும்போது வெண்ணந்தூர் வழியாக அட்டையாம்பட்டி போய், ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிய பிறகுதான் வீடு.

இப்படி எல்லாரும் பேசுகிற கோஷ்டியில் ஒருத்தர் பேசாமல் வந்தால் சட்டென்று தெரிந்துவிடும். மூன்று வாரமாக லாரி அண்ணன் பேசவில்லை. சாதாரணமாக அவர் வாயைத் திறந்தால் நாமக்கல் பாடி பில்டிங் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று இந்தியாவையே ஒரு சுற்று சுற்றி வருவார். இப்போது "ம்" மட்டும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் அவரும் நானும் ஜோடியாக மிதித்துக்கொண்டிருந்தோம். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"வண்டியைக் குடுத்துட்டேனுங் தம்பி."

தவணை, டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து நெரித்திருக்கிறது. ஃபைனான்ஸ்காரன் வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் தானே விற்றுக் கடனை அடைத்துவிட்டார். கையில் மிச்சம் எதுவும் இல்லை. "வூட்டுல மட்டும் தெரியும். மத்தவங்ககிட்டச் சொல்லாதீங்."

இதே விஷயத்தை எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார். நானும் கேட்டிருக்க மாட்டேன். சைக்கிளில் ஒரு வசதி, சார். பக்கத்தில்தான் இருக்கிறோம், ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டாம். குரல் கம்மினால் எதிர்க்காற்று என்று நினைத்துக்கொள்ளலாம். பதில் தெரியவில்லை என்றால் மேடு ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கலாம். நான் மூச்சு வாங்கினேன். அந்த இடம் சமதரை.

அப்போது பின்னாலிருந்து ஹாரன். பக்கத்து ஹைவேயில் டி.என். 28 நம்பர் போட்ட லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பின் பலகையில் இரண்டு தாமரைப் பூ, நடுவில் மஞ்சள் பெயின்ட்டில் 'பாப்பா'.

"நம்ம வண்டி," என்றார். "பேரை இன்னும் அழிக்கலே."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்தான் தொடர்ந்தார். "பின் டயரு ரெண்டும் புதுசு போட்டிருக்கான். பரவால்லீங், நல்லாத்தான் வெச்சிருக்கான்."

விற்ற சொத்தைப் பேரேட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று பி.காம்.மில் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படி நீக்குவது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

நாமக்கல் வந்துவிட்டோம். ஒற்றைப் பாறை, மேலே கோட்டை. மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற பதினெட்டு அடி ஆஞ்சநேயருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வழக்கமான இட்லிக் கடைக்குப் போனோம். ஒரு லட்சத்து எட்டு வடை மாலைக்கு எத்தனை மூட்டை உளுந்து ஆகும் என்று பேங்க் கணக்குப் போட, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே!

திடீரென்று முட்டை, சட்னியைப் பார்த்துச் சொன்னார். "மல்லூர்கிட்ட நம்ம தீவன குடோன்ல ஒரு ஆள் வேணுமாம். லோடு ஏத்தி, வண்டி அனுப்பி, டிரைவருங்களைச் சமாளிக்கத் தெரிஞ்ச ஆளு. யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா."

"சம்பளம் கையிலயா, பேங்க்லயா?" இது பேங்க். அவர் சாம்பாரைப் பார்த்துக் கேட்டார்.

"வயசானாலும் பரவால்லியா?" இது ஜவ்வரிசி. கூரையைப் பார்த்து.

"அனுபவந்தான் வேணும்கிறாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாருக்கும் தெரியும்! ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு மேட்டில் சொல்லி, "மத்தவங்ககிட்டச் சொல்லாதீங்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷன். ஒருத்தரும் சொல்லவில்லை.

லாரி அண்ணன் இரண்டு இட்லியை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். தண்ணீர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் இருக்காருங்," என்றார். "வயசு நாப்பத்தஞ்சு. சைக்கிள்லயே வந்துருவாரு."

"நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றார் முட்டை, இலையை மடித்தபடி.

அரை நிமிஷம் யாரும் பேசவில்லை. கடையில் தட்டு விழுகிற சத்தம் மட்டும். பிறகு லாரி அண்ணன், மூன்று வாரத்துக்கு அப்புறம், பழைய குரலில் கேட்டார்.

"அது கெடக்குது... முட்டை இன்னிக்கு என்ன ரேட்டு?"